மூடிய பொறிக்குள் அறுநூறு மீன்

அத்தியாயம் 4

"மீன் குறைஞ்சா திருட்டுன்னு எழுதிக்கலாம் அண்ணி. கூடிப்போனா என்னன்னு எழுதறது?"

கெசியா கையிலிருந்த சால்மன் துண்டத்தைப் புகைக் கொட்டகையின் கம்பில் தொங்கவிட்டு, அது நேராகத் தொங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் திரும்பினாள். மெர்சி குடா ஊர்ச்சபைக்கு ஏதாவது காணாமல் போனால் கண்டுபிடித்துக் கொடுப்பது அவள் வேலை. படகு, பெட்ரோல், ஒருமுறை பாதிரியாரின் பல் செட்டு. எதுவும் அதிகமாகிவிட்டதென்று இதுவரை யாரும் அவளிடம் புகார் சொன்னதில்லை.

கொட்டகை வாசலை முழுதாக அடைத்துக்கொண்டு நின்றான் ஓபெத். அவள் கணவனின் தம்பி, அவளுடைய உதவியாள், ஊர்ப் பேண்டு வாத்தியக் குழுவில் பெரிய மேளம். இந்த மூன்றில் எதற்கும் அவனுக்குச் சம்பளம் கிடையாது.

"எங்க கூடிச்சு?"

"மூணாம் நம்பர் மீன்பொறியில. நம்ம ஏனோஸ் காவல் இருக்கானே, அதுல. சனிக்கிழமை சாயங்காலம் மீனையெல்லாம் அள்ளிட்டு, வாயை மூடிட்டாங்க. மீன்வள அதிகாரி வின்ஸ்லோ நேர்ல நின்னு பாத்துட்டுத்தான் போனார். இன்னிக்குக் காலையில வந்து எட்டிப் பாக்கறார், உள்ள அறுநூறு சால்மன் குதிக்குது. அவரோட படகுக்காரன் துறைமுகத்துல வந்து இவ்வளவுதான் சொன்னான். மிச்சத்தை உங்ககிட்டயே சொல்லுவாராம்."

கெசியா கையைத் துடைத்தாள். விஷயம் விளையாட்டல்ல என்று அவளுக்குத் தெரியும். ஆற்றுக்குப் போய் முட்டையிட வேண்டிய மீனுக்கு வழிவிடுவதற்காக, சனி மாலையிலிருந்து திங்கள் காலைவரை எல்லாப் பொறிகளும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அந்த நேரத்தில் பிடித்தால் பொறிக்கு ஈய முத்திரை, காவலாளிக்குச் சிறை. மூன்றாம் நம்பர் பொறி ஊருக்கே சொந்தமானது. அதற்கு முத்திரை விழுந்தால் மீன் டப்பா ஆலை மூடும். ஆலை மூடினால் குளிர்காலம் முழுக்க ஊர் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

"கிரேவன் ஊர்க்காரங்க வேலையா இருக்கும் அண்ணி" என்றான் ஓபெத். "அவனுங்கதான் கடல் கொள்ளைக்காரனுங்க."

"கொள்ளையடிக்க வந்தவன் அறுநூறு மீனைக் கொடுத்துட்டா போவான்?"

"மனசு மாறியிருக்கும்."

மழை பெய்துகொண்டிருந்தது. எங்கள் தீவில் அதை எழுதினால் சிரிப்பார்கள். நின்றால்தான் எழுத வேண்டும். கெசியாவின் மோட்டார்ப் படகில் ஓபெத் பின்னால் உட்கார்ந்ததும் படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. அவனை நடுவில் உட்கார வைத்த பிறகு கடலைப் பார்த்தது.

கடலுக்குள் நீட்டிய பாறை முனையைத் திரும்புவதற்கு முன்பே தண்ணீரின்மேல் ஒரு நீண்ட ஏப்பம் மிதந்து வந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"ஏனோஸ்" என்றான் ஓபெத். அவன் கால் தானாகத் தாளம் போட்டது.

ஏனோஸ்தான். உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு ஊதும் பெரிய பித்தளை ட்யூபாவை, பொறிக்குக் காவல் போகும்போது அவன் கூடவே எடுத்துப் போயிருந்தான். அந்த ட்யூபா இல்லாமல் ஊர்ப் பேண்டு கால் ஒடிந்த நாற்காலியாக இருந்தது. வியாழக்கிழமை ஊர்த் திருநாள். கிரேவன் ஊர்ப் பேண்டு போட்டிக்கு வருகிறது. போன வருஷம் ஜெயித்த கையோடு, அவர்கள் தங்கள் ஊர் நாய்க்கு மெர்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"அவனை ரெண்டு நாள் இறக்கிவிடச் சொல்லி பேண்டுக்காரங்க ஊர்ச்சபையில கேட்டீங்களே, என்னாச்சு?" என்றாள் கெசியா.

"பொறியோட கோட்டா நிறையறதுக்கு முன்னாடி காவலாளி இறங்கினா அந்த வருஷப் பங்கு போச்சு. சட்டம் சட்டம்தான்னுட்டாங்க. அவனுக்கு நாலு பிள்ளைங்க. கோட்டாவுக்கு இன்னும் அறுநூறு மீன்தான் பாக்கி. ஆனா பொறிப் பக்கம் மீன் வரத்து நின்னுபோச்சே! நாளைக்கு நாலு, நாளன்னைக்கு அஞ்சுன்னு வந்தா, ஏனோஸ் கிறிஸ்துமஸுக்குத்தான் இறங்குவான்."

கெசியா விசையைக் கூட்டினாள்.

பொறி என்றால் சின்னதாக நினைத்துவிடாதீர்கள். பெரிய மரங்களைப் பிணைத்துக் கட்டிய மிதவை அது. ஒரு தேவாலயத்தை அதன்மேல் படுக்க வைக்கலாம். மரங்களுக்குக் கீழே கம்பிவலை அறைகள் ஆழத்தில் தொங்கும். மீன் வாய் வழியாக நுழைந்து, ஒவ்வொரு அறையாகக் குறுகிக்கொண்டே போய், கடைசி அறையில் வட்டமடிக்கும். திரும்ப வழி தெரியாது. மிதவையின் ஓரத்தில் ஒரு குடிசை; அதில்தான் காவலாளிக்குக் கோடை முழுவதும் வாசம்.

அதிகாரி வின்ஸ்லோ மரத்தின்மேல் நின்றிருந்தார். இளவயது. சட்டப் புத்தகத்தை மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்திருந்ததில், நெஞ்சு சதுரமாக இருந்தது. கையில் சங்கிலியும் ஈய முத்திரையும்.

"வாங்கம்மா. நல்ல நேரத்துல வந்தீங்க. குற்றத்தை ஒப்புக்கிட்டாச்சு."

"யாரு?"

ஏனோஸ் ட்யூபாவுக்குள்ளிருந்து தலையை நீட்டினான். கண் சிவந்திருந்தது.

"நான்தான்க்கா."

"நீ பொறியைத் திறந்தியா?"

"இல்லக்கா. சத்தியமாத் திறக்கல."

"அப்புறம் என்னத்தை ஒப்புக்கிட்ட?"

"உள்ள மீன் இருக்கு. பொறி மேல நான் ஒருத்தன்தான் இருந்தேன். அப்ப நான்தானே பண்ணியிருக்கணும்? காலையிலேர்ந்து யோசிச்சுப் பாக்கறேன், நான் பண்ணினது எனக்கே ஞாபகம் வரமாட்டேங்குது. தூக்கத்துல எழுந்து திறந்திருப்பேனோ?"

ஓபெத் தொண்டையைக் கனைத்தான். "இவன் தூக்கத்துல எழுந்தா நேரா அடுப்படிக்குத்தான் போவான் சார்."

"ஓபெத், நீ சும்மா இரு" என்றாள் கெசியா. "ஏனோஸ், நேத்து என்ன பண்ணின? காலையிலேர்ந்து சொல்லு."

"எழுந்தேன். கப்பல் பிஸ்கட்டும் மீனெண்ணெயும் சாப்பிட்டேன். நம்ம ஊர்க் கோயில் மணி சத்தம் கேட்டுச்சு. நான்தான் ஆராதனைக்கு வர முடியாதே, அதனால ஊர்ப் பக்கம் பாத்து உட்காந்து, நீங்க அங்க பாடற பாட்டையெல்லாம் இங்க ஊதினேன். ஆராதனை முடியற வரைக்கும்."

"கண்ணைத் திறந்துக்கிட்டா, மூடிக்கிட்டா?"

ஏனோஸ் அவளை வேதனையோடு பார்த்தான். "ஆராதனை நேரம்க்கா!"

அதிகாரி குறுக்கிட்டார். "பாட்டெல்லாம் இருக்கட்டும். மதியத்துக்குள்ள வேற விளக்கம் கிடைக்கலைன்னா, நான் பொறிக்கு முத்திரை வெச்சுட்டு இவரை என் படகுல நகரத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். ஆறு மாசம் உள்ள இருக்க வேண்டி வரும். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. மனுஷன் கையெழுத்துப் போட என்கிட்டயே பேனா கேட்கறார்."

"பேனா கொடுக்காதீங்க" என்றாள் கெசியா. கடைசி அறையின் ஓரத்தில் குனிந்து பார்த்தாள். வெள்ளிச் சுழல்போல் மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. "மீனைத் தவிர வேற ஏதாவது உள்ள இருந்துச்சா?"

"ஒரு நண்டு" என்றான் ஏனோஸ். "கோரும் வலையில வந்தது. அந்த வாளியில ஈரச்சாக்கு போட்டு மூடி வெச்சிருக்கேன். சாயங்காலம் வேகவைக்கலாம்னு..."

"நண்டா?" கெசியா நிமிர்ந்தாள். "இங்க கடல் எவ்வளவு ஆழம்?"

"இருபது பாகம், நூத்திருபது அடி இருக்கும்."

"பொறி அடியைத் தொடாது. நண்டு நீந்தாது. தரையிலேயே நடக்கற ஜீவன், மிதக்கற பொறிக்குள்ள எப்படி வந்துச்சு?"

"அதானே?" என்றான் ஓபெத் உற்சாகமாக. "அதுவும் ஒத்தைக் கொடுக்கை வெச்சுக்கிட்டு இவ்வளவு உசரம் எப்படி அண்ணி ஏறும்? ஏணி போட்டாத்தான் உண்டு!"

அதிகாரி சிரித்தபடி சாக்கை விலக்கினார். வாளிக்குள் உள்ளங்கை அகல நண்டு ஒன்று, இருந்த ஒரே கொடுக்கைத் தூக்கி எல்லோரையும் மிரட்டியது.

கெசியா நண்டைப் பார்த்தாள். பிறகு கொழுந்தனைப் பார்த்தாள். பிறகு படகில் இறங்கினாள்.

"எங்க அண்ணி போறோம்?"

"நண்டோட வீட்டுக்கு."

நண்டு மணலில் வாழும். எங்கள் தீவின் கரை முழுவதும் பாறை. மணல் என்று சொல்லிக்கொள்ள ஒரே இடம்தான் உண்டு, முனைக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருக்கும் வளைகுடா. அங்கே கரைவலை போட்டு இழுத்தால், மீனோடு தரையில் இருப்பதையும் வழித்துக்கொண்டு வரும்.

ஓபெத் அங்கே வேண்டாம் என்றான். அலை அதிகம் என்றான். கரடி இருக்கும் என்றான். கடைசியாக, தனக்குப் பசிக்கிறது என்றான். அதற்குள் படகு மணலைத் தொட்டுவிட்டது.

கடல் ஏறி இறங்கிய இடத்தில் ஒன்றுமில்லை. ஆனால் கடல் ஏறாத மேட்டில், சாய்ந்து நின்ற தேவதாரு மரத்தின் அடியில், மழை தொடாத மணலில் தடங்கள் இருந்தன. கெசியா குனிந்து பார்த்தாள். குனிந்தபடியே சிரித்தாள்.

"ஓபெத், இங்க வா. இதைப் பாத்தா உனக்கு என்ன தோணுது?"

பூட்ஸ் தடங்கள். மூன்று மூன்று பேராக நான்கு வரிசை. எல்லார் அடியும் ஒரே நீளம். வரிசைக்கு வரிசை ஒரே இடைவெளி. எல்லா வரிசையும் இடது காலில் கிளம்பியிருந்தது. மரத்தைச் சுற்றி வளையும் இடத்தில் உள்பக்கம் நின்றவன் அடியைக் குறுக்கி, வெளிப்பக்கம் நின்றவன் அடியை நீட்டி, வரிசை குலையாமல் திரும்பியிருந்தார்கள்.

"வாத்துங்க அண்ணி" என்றான் ஓபெத். "வாத்துதான் வரிசையாப் போகும்."

"பூட்ஸ் போட்ட வாத்தா?"

"குளிருதில்ல?"

"களவு வேலைக்குப் போறவன் குனிஞ்சு போவான், ஒளிஞ்சு போவான். அணிவகுத்துப் போறவனை இன்னிக்குத்தான் பாக்கறேன். நம்ம ஊர்ல பன்னெண்டு பேர் சேர்ந்தா வேற மாதிரி நடக்கவே தெரியாத கூட்டம் எது?"

ஓபெத் கடலைப் பார்த்து, "கிரேவன் ஊர்லயும் பேண்டு இருக்கு" என்று மட்டும் முணுமுணுத்தான்.

தேவாலயத்தில் பேண்டு மாஸ்டர் சைலஸ் ஊதுகுழல்களுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, நிமிர்ந்த முதுகு. அவர் திருச்சபையின் மூத்த மூப்பரும்கூட. ஞாயிற்றுக்கிழமை விறகு வெட்டியவனைப் பெயர் சொல்லி எழுந்து நிற்க வைத்தவர். ஞாயிறன்று அவர் வீட்டுப் பூனை எலி பிடித்தால்கூட அவருக்குப் பிடிக்காது என்று ஊரில் சொல்வார்கள்.

"சைலஸ் மாமா, ஒரு கேள்வி" என்றாள் கெசியா. "நேத்து ஆராதனையில ஏன் பேண்டு வாசிக்கல?"

"ட்யூபா இல்லாம என்ன வாசிக்கறது? மௌனமா இருந்தோம்."

"எங்க மௌனமா இருந்தீங்க? மேல்மாடத்துல, உங்க இடத்துலயா?"

சைலஸ் துணியைக் கீழே வைத்தார். கூரையைப் பார்த்தார். பலிபீடத்தைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"ஒரு நிமிஷம் வெளிய வாம்மா. பதில் சொல்றேன்."

"ஏன் மாமா, இங்கயே சொல்லுங்களேன்."

"இங்க புழுக்கமா இருக்கு."

"மழை பெய்யுது மாமா."

"பரவாயில்ல, நனைஞ்சுக்கிட்டே சொல்றேன்."

"பொய் சொல்ல வெளிய போகணுமா?"

சைலஸ் வாசலுக்கும் நாற்காலிக்கும் நடுவே நின்றார். ஒரு கால் கதவுப் பக்கம், ஒரு கால் பலிபீடப் பக்கம். அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மெல்ல உட்கார்ந்தார்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச? ஆராதனையில யாரும் தலையைத் திருப்பி மேல்மாடத்தைப் பாக்கக் கூடாதே. பாக்க மாட்டாங்கன்னுதானே போனோம்?"

"நானும் பாக்கல. ஆனா ஆராதனை முடிஞ்சதும் ஒவ்வொரு வாரமும் மாடிப்படி ஒரு சத்தம் போடும். கன்னுக்குட்டி மாதிரி முனகும். நேத்து முனகல. படிக்கு உடம்பு சரியாயிடுச்சுன்னு நினைச்சேன். இல்ல, அது மேல ஏறி இறங்கற ஆள்தான் வரல."

அவள் திரும்பினாள். ஓபெத் பெரிய மேளத்தின் பின்னால் போய் நின்றிருந்தான். அவனை மறைக்கும் அளவுக்கு மேளம் பெரிதாக இல்லை.

"வெளிய வா."

"அண்ணி, நான்..."

"மணல்ல கடைசி வரிசையில நடுத்தடம் மட்டும் கணுக்கால் ஆழம் இருந்துச்சு. அதுக்கும் முன்னாடி, சாக்கை விலக்கறதுக்கு முன்னாலயே உனக்கு நண்டுக்கு ஒத்தைக் கொடுக்குன்னு தெரிஞ்சிருந்துச்சு. இன்னொரு கொடுக்கு எங்க?"

ஓபெத் வலது கையை முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்தான். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"விட மாட்டேன்னுடுச்சு அண்ணி. நானும் விடல. கடைசியில அதோட கொடுக்கு என் கையோட வந்துடுச்சு. நண்டு பொறிக்குள்ள விழுந்துடுச்சு." முதல் தடவையாக அவன் குரலில் வேடிக்கை இல்லை. "ஏனோஸை மாட்டி விடணும்னு நினைக்கல. அவனை இறக்கணும்னுதான் நினைச்சோம்."

நடந்தது இதுதான். சனிக்கிழமை, மீன்பிடி நேரம் முடிவதற்கு முன்பே, பேண்டுக்காரர்கள் மணல் குடாவில் கரைவலை போட்டு அறுநூறு மீனை வளைத்தார்கள். சைலஸின் படகுக்கு உரிய கோட்டாவில் இன்னும் இடம் இருந்ததால் அதில் தப்பில்லை. வலையைக் கரையோரத் தண்ணீரிலேயே கட்டி மீனை உயிரோடு வைத்தார்கள். மறுநாள் ஊரே தேவாலயத்தில் இருக்கும்போது, இரண்டு படகுகளில் கடல்நீரை நிரப்பி, மீனை ஏற்றி, சத்தமில்லாமல் துடுப்புப் போட்டு, ஏனோஸின் முதுகுக்குப் பின்னால் போய்ப் பொறிக்குள் கொட்டினார்கள். திங்கட்கிழமை எண்ணிப் பார்த்தால் கோட்டா நிறைந்திருக்கும். ஏனோஸ் பங்கோடு இறங்கலாம். வியாழக்கிழமை ட்யூபா இருக்கும்.

"எல்லாம் யோசிச்சீங்க. மூடின பொறிக்குள்ள மீன் இருந்தா சட்டம் என்ன சொல்லும்னு மட்டும் யோசிக்கல."

"ஞாயித்துக்கிழமைன்னாலே எனக்கு வேலை செய்யக் கூடாத நாள்ங்கறதுதான் ஞாபகம் வரும்" என்றார் சைலஸ். "பொறியும் வேலை செய்யக் கூடாதுங்கறது மறந்துபோச்சு."

"அவன்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"ஏனோஸ்கிட்டயா? அவனுக்கு ரகசியம் சொன்னா அதை ட்யூபாவுலயே ஊதிடுவான்."

"காலையில அதிகாரி வந்தப்பவே நீங்க போய்ச் சொல்லியிருக்கணும் மாமா. அவன் அங்க பேனா கேட்டுக்கிட்டு உட்காந்திருக்கான். நீங்க இங்க மெருகு போட்டுக்கிட்டு உட்காந்திருக்கீங்க."

சைலஸ் முகம் சிறுத்துப்போனது. "ஞாயித்துக்கிழமை, ஆராதனை நேரத்துல, நான், மீன் அள்ளினேன்னு ஊர் முன்னாடி எப்படிம்மா சொல்லுவேன்? கால் எழும்பல." பிறகு எழுந்தார். மீசையைத் துடைத்தார். "இப்ப எழும்பிடுச்சு. வா, போகலாம்."

பொறிக்குப் பக்கத்தில் படகை நிறுத்தி, அதிகாரியை மட்டும் கீழே வரவழைத்து, சைலஸ் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். வின்ஸ்லோ சட்டைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தார். முன்னாலிருந்து பின்னால் புரட்டினார். பின்னாலிருந்து முன்னால் புரட்டினார்.

"பொறியிலேர்ந்து மீன் எடுத்தா சட்டம் இருக்கு. பொறிக்குள்ள மீன் போட்டா சட்டம் இல்லை. இதுவரைக்கும் யாரும் போடலை." புத்தகத்தை மூடினார். "ஆனா நான் எப்படி நம்பறது? அவரைக் காப்பாத்தறதுக்காக ஊரே சேர்ந்து கதை கட்டலாம். பொறி மேல ஒரு மனுஷன் உட்காந்திருக்கும்போது, பன்னெண்டு பேர் ஏறி, ரெண்டு படகு மீனைக் கொட்டறாங்க. அவருக்குத் தெரியாதாம்! மேலிடத்துல சொன்னா என்னையும் சேர்த்து உள்ள வெப்பாங்க."

"தெரியாது சார்" என்றான் ஓபெத். "அவனை உங்களுக்குத் தெரியாது."

கெசியா சொன்னாள்: "மறுபடி பண்ணிக் காட்டினா நம்புவீங்களா?"

எனக்குத் தெரிந்து எங்கள் கடலில் ஒரு குற்றத்தை அதிகாரியின் முன்னிலையில், அவர் அனுமதியோடு, இரண்டாம் முறை செய்து காட்டியது அன்றுதான். திங்கட்கிழமை கரைவலைக்குத் தடையில்லை. மணல் குடாவில் ஐம்பது அறுபது மீன் விழுந்தது. பன்னிரண்டு பேரும் முனைக்குப் பின்னால் இரண்டு படகுகளில் காத்திருந்தார்கள். மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. சங்கிலி வின்ஸ்லோவின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

கெசியாவும் அவரும் பொறிமேல் ஏறி ஏனோஸின் பக்கத்தில் போய் நின்றார்கள்.

"கண்டுபிடிச்சுட்டீங்களாக்கா?" என்றான் ஏனோஸ். "நான்தானே?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல தெரிஞ்சுடும். அதுவரைக்கும் ஒரு பாட்டு ஊதேன். நேத்து ஆராதனையில கடைசியா ஊதினியே, அது. நகரத்துக்குப் போயிட்டா எப்ப கேட்கப்போறோம்?"

ஏனோஸின் கண்ணில் தண்ணீர் வந்தது. ட்யூபாவைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஊர்ப் பக்கம் திரும்பி, பெட்டியின்மேல் உட்கார்ந்து, கண்ணை மூடினான்.

முதல் சுரத்தில் பொறியின் மரங்கள் அதிர்ந்தன. கடல் பறவைகள் எழுந்து வேறு தீவுக்குப் போயின.

இரண்டாவது சரணத்தில் படகுகள் முனையைத் திரும்பின. மூன்றாவதில் பின்பக்க மரத்தில் கயிறு விழுந்தது. பன்னிரண்டு பேரும் மிதவையில் ஏறினார்கள். ஈர மரத்தின்மேல் மூன்று மூன்று பேராக, இடது காலில் கிளம்பி, அந்தப் பாட்டின் தாளத்துக்கே அடி வைத்து வந்தார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, அவர்களால் வேறு மாதிரி முடியாது. ஓபெத் ஏறியபோது மிதவை ஒரு பக்கம் சாய்ந்து, குடிசைக்குள் ஒரு சட்டி உருண்டு விழுந்தது. ஏனோஸ் கண்ணைத் திறக்காமலே, சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து, பாட்டைத் தொடர்ந்தான்.

கூடை கூடையாக மீன் கைமாறி வந்து பொறிக்குள் விழுந்தது. சளப், சளப் என்று வால்கள் அடித்தன. தெறித்த தண்ணீர் ஏனோஸின் பிடரியில் பட்டது. அவன் மழை என்று நினைத்துக் காலரை உயர்த்திக்கொண்டான்.

அதிகாரி வின்ஸ்லோவின் வாய் திறந்திருந்தது. ஏனோஸின் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. "ஐயா!" என்று கத்தினார். ட்யூபாவுக்கு முன்னால் அது கொசுவின் சத்தம்.

"இன்னும் ரெண்டு சரணம் இருக்கு" என்று கெசியா அவர் காதருகே கத்தினாள். "முடிவு சொல்றதானா இப்பவே சொல்லலாம்."

வின்ஸ்லோ தோளிலிருந்து சங்கிலியை எடுத்தார். அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

"முத்திரை கிடையாது. சிறை கிடையாது. அறுநூறும் அந்தப் பெரியவர் படகோட கணக்குல போகும். பொறி இன்னிக்கே திறக்கலாம்" என்று அவரும் கத்தினார். "ஆனா, இந்த ஆளை நான் காவலுக்கு விட முடியாதும்மா! பன்னெண்டு பேர் ஏறினதே தெரியலை. பொறியையே இழுத்துட்டுப் போனாலும் கூடவே ஊதிக்கிட்டுப் போவார். இப்பவே இறக்குங்க!"

"இறங்கினா அவனோட பங்கு போயிடும்!"

"தானா இறங்கினாத்தானே? நான் இறக்கறேன். அதிகாரி இறக்கினா பங்கு போகாது. அதுக்கு என்கிட்ட சட்டம் இருக்கு!" அவர் நெஞ்சைத் தட்டினார். புத்தகம் டப்பென்றது.

"அப்ப காவலுக்கு யாரு?"

கெசியா கேட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். மற்ற பதினொரு பேரும் ஓபெத்தைப் பார்த்தார்கள். ஓபெத் பின்னால் திரும்பிப் பார்த்தான்; பின்னால் கடல்தான் இருந்தது.

"அண்ணி, வியாழக்கிழமை மேளம்?"

"உங்கண்ணன் அடிப்பார். இருபது வருஷமா என் சாப்பாட்டு மேசையை அடிச்சுப் பழகியிருக்கார்."

பாட்டு முடிந்தது. கடைசிச் சுரம் முனையில் மோதித் திரும்பி வந்து அடங்கும்வரை ஏனோஸ் அசையவில்லை. பிறகு ட்யூபாவை மெல்ல இறக்கி, கண்ணைத் திறந்து, கைதாவதற்குத் தயாராக எழுந்து திரும்பினான்.

திரும்பியவன் அப்படியே நின்றான். மழையில், ஈர மரங்களின்மேல், நான்கு வரிசையாக, மீன் செதில் ஒட்டிய கைகளோடு பேண்டு முழுவதும் அவனைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. கோடை தொடங்கியதிலிருந்து அவனைத் தேடி அந்தப் பொறிக்கு யாரும் வந்ததில்லை.

"எல்லாரும்..." என்றான். "எல்லாரும் என்னைப் பாக்கவா வந்தீங்க?"

சைலஸ் தொப்பியைக் கழற்றினார்.

"ஆமாடா. உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான்."

ஏனோஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவசரமாகக் குடிசைக்குள் ஓடினான். அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது; எதையோ தேடும் சத்தம் கேட்டது. வாசலில் வந்து நின்றபோது அவன் கையில் ஆவி பறக்கும் காபி இருந்தது, முகத்தில் பெரிய சங்கடம் இருந்தது.

"என்கிட்ட ஒரே ஒரு குவளைதான் இருக்கு."

முதல் வரிசையிலிருந்து கைமாறி, கைமாறி, கடைசி வரிசைவரை அது போனது. யாரும் ஒரு வாய்க்கு மேல் குடிக்கவில்லை. கடைசியாக வின்ஸ்லோவிடம் வந்தபோது, அடியில் கொஞ்சம் வண்டல்தான் மிச்சம். அவர் அதையும் குடித்துவிட்டு, குவளையை மழைநீரில் கழுவி, ஏனோஸிடம் கொடுத்தார்.